துண்டுக்குள் மூன்றாவது விரல்

அண்ணா,

உங்கள் துண்டை மறுபடி வெளியே எடுத்துவிட்டேன். எத்தனை முறை துவைத்தும் மாட்டு வாசனை போகவில்லை, மழை ஈரத்தில் இன்று தூக்கலாகவே அடிக்கிறது. என் கணவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். போகட்டும். எனக்கு இருக்கிற பரபரப்பை உங்களிடம்தான் சொல்ல முடியும். காலையில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒரே ஆளின் எலும்பு மஜ்ஜை, அதற்குள் இரண்டு ரத்தப் புற்றுநோய்கள். உங்களுக்குப் பிறகு என் கண்ணில் படுவது இதுதான் முதல் தடவை.

வேறு யாரிடமாவது இப்படிச் சொன்னால் இவள் என்ன மனுஷி என்பார்கள். நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளகோவிலிலிருந்து பஸ் ஏறி எங்கள் மருத்துவமனைக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தீர்கள். அதற்காக எடுத்த ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குவிந்து கிடந்தன. மெல்ல ஊர்கிற வகை லுக்கீமியா. இப்போதைக்கு மருந்து வேண்டாம், அவ்வப்போது பார்த்தால் போதும் என்றார் எங்கள் பெரிய டாக்டர். உங்கள் மைத்துனர் என்னைத் தனியே அழைத்து, மச்சானுக்கும் அக்காவுக்கும் இது தெரியவே கூடாது, ரத்தம் கெட்டிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நாளில் எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கும். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் தலையாட்டினேன்.

ரத்தம் கொடுக்க வரும்போதெல்லாம் ஊசி குத்தும்வரை மாட்டுக் கதை சொல்வீர்கள். நான் கோட்டைமேட்டுப் பெண் என்று தெரிந்ததும், பெருநாளுக்கு ஆடு யார் வாங்குவது என்று கேட்டீர்கள். அத்தாதான், என்னையும் சந்தைக்குக் கூட்டிப்போவார், துண்டுப் பேரம்கூடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்றேன். விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும், சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் போவதும் எனக்குச் சின்ன வயதில் பெரிய விளையாட்டு. மாட்டுத் தரகரான உங்களுக்கு அதைக் கேட்டு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து நான் டாக்டரம்மணி.

பிறகு முதுகுவலி வந்தது. காங்கேயம் காளைக்கன்று ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகவும், அதை வளர்த்து வண்டியில் பூட்ட வேண்டும் என்றும், முதுகு விட்டதும் பிடித்துவிடுவதாகவும் சொன்னீர்கள். முதுகு விடவில்லை. ரத்தமும் குறைந்துகொண்டே போனது. பழைய நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. அந்த நோய் எலும்பைத் தின்னாதே. உங்கள் எக்ஸ்ரேயில் எலும்பெல்லாம் பொத்தல் பொத்தலாக இருந்தது.

மஜ்ஜையை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் பழைய ஆட்கள், சின்ன வட்ட அணுக்கள். அவர்களை ஒட்டியே வேறு ஜாதி, நீலம் பாரித்துப் பெரிதாக, முட்டையில் மஞ்சள் கரு ஓரம் ஒதுங்கியதுபோல. மைலோமா. இரண்டாவது நோய். புத்தகத்தில் அடிக்குறிப்பாகப் படித்ததை நேரில் பார்க்கிறேன் என்ற பரபரப்பில் பெரிய டாக்டரைத் தேடி ஓடினேன். வராந்தாவில் நான் ஓடிய ஓட்டத்தைப் பற்றி நர்சுகள் வெகுநாள் பேசினார்கள். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டுக்குமே கேக்குற மாத்திரை ஒண்ணு இருக்கு, அதையே ஆரம்பிக்கலாம்" என்றார். எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது.

அந்த முகத்தோடுதான் உங்கள் வார்டுக்குள் நுழைந்தேன். கட்டில் ஓரத்தில் அண்ணி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். மாடு வாங்க வருகிறவர்களின் முகத்தைப் படித்தே பிழைத்த ஆள். தோளிலிருந்த துண்டை எடுத்து உங்கள் கையின் மேல் போட்டு என் பக்கம் நீட்டினீர்கள்.

"டாக்டரம்மணி ஊட்டுக்குக் கறவை மாடு வேணுமாமா, பேசிப்போடலாம்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு என்னைக் கேட்டீர்கள். "ஒன்னுங்களா, ஜோடிங்களா?"

சந்தையில் பெண்கள் கை துண்டுக்குள் போவதில்லை. என் கை போனது. நோய் இரண்டு என்று உங்கள் இரண்டு விரல்களைப் பிடித்தேன். நீங்கள் புருவம் தூக்கினீர்கள், அவ்வளவுதான். அடுத்த கேள்வி வந்தது.

"எத்தன வருசம் கறக்குமுங்க அம்மணி?"

மைத்துனருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். கன்றைப் பிடிப்பதா விடுவதா என்று தெரிந்துகொள்ளத் துடிக்கும் கை ஒரு பக்கம். துண்டுக்குள் பொய் சொல்லக் கூடாது என்பது அத்தா சொன்ன ஒரே சட்டம். பிடித்த இரண்டு விரல்களை விடாமல் இன்னும் இறுக்கினேன். இரண்டு வருடம், அன்றைக்கு எனக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான். நீங்கள் மூன்றாவது விரலையும் என் கைக்குள் திணித்தீர்கள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். மறுபடி திணித்தீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, பிடித்துக்கொண்டேன்.

"மூனுக்கு முடிஞ்சுதுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டீர்கள்.

மாத்திரை கேட்டது. முதுகு நிமிர்ந்தது, ரத்தம் ஏறியது, கன்றும் வந்தது. ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்து உங்கள் இரண்டு நோய்களையும் நீங்களே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தீர்கள். ஒரே தொழுவத்தில் இரண்டு ரகம் கட்டியிருக்கிறதே, முட்டிக்கொள்ளாதா என்று கேட்டீர்கள். எது எதனால் வந்தது என்றும் விடாமல் கேட்டீர்கள். தெரியாது, தனித்தனியாகவே வந்திருக்கலாம் என்றேன். டாக்டருக்கே தெரியாத நோய் தனக்கு வந்திருக்கிறது என்று உங்கள் முகத்தில் பெருமை. மூன்று வருடம் தாண்டியது. நான்காவது வருடம் காளையை வண்டியில் பூட்டி வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்கே என்னை அழைக்க வந்தீர்கள். அந்த வண்டியில் உட்கார்ந்து நான் வாய்விட்டுக் கத்தியது நினைவிருக்கிறதா?

ஐந்தாவது வருடம் முடிந்து மாத்திரை கைவிட்டது. நீங்கள் போன செய்தி கேட்டு ஊருக்கு வந்தேன். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அண்ணி இந்தத் துண்டை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கொண்ணன் அன்னிக்கு மாடு எத்தன வருசம் கறக்கும்னு உங்களக் கேட்டாருங்க. விக்கிற தரகரு வாங்க வந்தவங்ககிட்டயா அதக் கேப்பாரு? அது மாடில்லைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க அம்மணி."

ஐந்து வருடம், அண்ணா. நீங்கள் அவரிடம் மறைத்தீர்கள், அவர் உங்களிடம் மறைத்தார், மைத்துனர் இருவரிடமும் மறைத்தார். அண்ணி துண்டைத் தன் கைமேல் போட்டு நீட்டினார். எத்தனைக்கு முடித்தீர்கள் என்று கேட்டார். அவர் விரல்களில் இரண்டைப் பிடித்தேன், கொஞ்சம் பொறுத்து மூன்றாவதையும். அவர் மற்ற இரண்டு விரல்களையும் என் கைக்குள் தள்ளினார். உள்ளங்கை நிறைந்துவிட்டது.

"லாபத்துலதான் போயிருக்காருங்க" என்றார். அழுதுகொண்டே சிரித்தோம்.

இன்றைய ஆள் பெரியநாயக்கன்பாளையத்துக்காரர், மோட்டார் காயில் சுற்றுகிறவர். இப்போது மருந்துகள் எவ்வளவோ கூடியிருக்கின்றன, அந்தக் குஷியில்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் நாளை காலை என் முகத்தைப் பார்த்ததும் எத்தனை வருடம் என்று அவரும் கேட்பார். துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். நான் எத்தனை விரலைப் பிடித்தாலும் சரி, கூட ஒன்றைத் திணிக்கிற ஆளாக அவர் இருக்க வேண்டும், அண்ணா.