நண்டுப் புத்தக ஆன்ரிக்கு

வெள்ளவத்தை,
27.01.1997

அன்புள்ள நாகேஸ்வரி அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அண்ணையும் என் மகள் ஆரணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பவளத்தின் ஆட்டைத் திவசம் போன கிழமை முடிந்தது. ஐயர் வந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். போன வருஷம் முப்பத்தோராம் நாளுக்கு நான் பொலிஸ் பிடியில் இருந்தபடியால் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க முடியவில்லை. இந்த முறையாவது உங்கள் தங்கச்சிக்கு ஒரு நினைவு மலர் அடித்துக் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அடித்தேன். ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி இல்லை.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்துச் சாகும் வரைக்கும் ஆரணிக்கென்று அவள் ஒரு கதை எழுதிப் படமும் கீறிக்கொண்டிருந்தாளே, அதைத்தான் அடித்தேன். பதினாறு பக்கம். வெள்ளவத்தைக் கடற்கரையில் இருக்கிற நண்டு ஒன்று ரயிலேறித் தெஹிவளைக்கு மிருகங்களைப் பார்க்கப் போகிற கதை. கொட்டாஞ்சேனை மஷூர் நானாதான் அச்சடித்தவர். “தம்பி, இது மௌத்து வீட்டுல குடுக்கிற பொஸ்தகமா, புள்ளயள்ட பொஸ்தகமா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

முந்நூறு பிரதி. திவசத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் என் விலாசம் போட்டு, “வாசித்துவிட்டு எழுதுங்கள் பிள்ளைகளே” என்று அடித்திருக்கிறேன்.

உங்களுக்கு முப்பது பிரதி வருகிறது. ஒன்றை ஆரணிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவளுடைய அம்மா கீறியது என்று சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள். ஒரு வரி போதும். டிசம்பரில் அவளைக் கனடாவிலிருந்து திருப்பிக் கூட்டிவருவதாக இருக்கிறேன். அதற்குள் தாயைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு வரட்டும்.

அன்புடன்,
ரூபன்


ஸ்காபரோ,
05.03.1997

அன்பின் ரூபனுக்கு,

கடிதமும் பார்சலும் கிடைச்சது. இங்கை எல்லாரும் சுகம். குளிர்தான் விடேல்லை.

மனசிலை பட்டதை எழுதுறன், கோவிக்காதையுங்கோ. இங்கத்தைச் சனத்துக்குக் குடுக்கக் கல்வெட்டு வருமெண்டு முப்பது பேருக்குச் சொல்லி வைச்சனான். பார்சலை உடைச்சால் நண்டு. என்ரை தங்கச்சியின்ரை ஒரு படம் இல்லை, ஒரு தேவாரம் இல்லை, பேருக்கு முன்னாலை அமரர் எண்டுகூட இல்லை. இவர் பார்த்திட்டு, “என்னப்பா இது, மீன்கடை விளம்பரமோ?” எண்டு கேட்டார். எனக்குப் பெத்த வயிறு இல்லாட்டியும் கூடப் பிறந்த வயிறு எரிஞ்சுது. ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. கீழ் அறையிலை கிடக்குது.

பவளம் சின்னனிலை இருந்தே கையையும் காலையும் இழுத்து நீட்டித்தான் கீறுவாள். சித்திர ரீச்சர் காதைப் பிடிச்சுத் திருகினவ. அதையேன் நாலு பேருக்குக் காட்டினனீங்கள்? உங்களுக்கு லிஃப்ட் திருத்தத் தெரியும். தெரிஞ்சதைச் செய்திருக்கலாம்.

ஆரணி நல்லாச் சாப்பிடுறாள். ஒரு கிலோ கூடியிருக்கிறாள். புத்தகம் இன்னும் காட்டேல்லை. அடிக்கடி ரெலிபோன் எடுக்காதையுங்கோ, பிள்ளை குழம்புது.

இப்படிக்கு,
நாகேஸ்வரி


வெள்ளவத்தை,
19.08.1997

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து கனநாள். பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னிக்கவும். நான் கோபிக்கவில்லை. இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை.

புத்தகத்துக்கு இதுவரை எழுபத்தொரு கடிதம் வந்திருக்கிறது. வேலையிடத்தில் லிஃப்ட் முறைப்பாடுகளுக்குப் பதில் போடுகிற மாதிரி, வந்த திகதி போட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் அனுப்புகிறேன். தெமட்டகொடையிலிருந்து ஷபீகா, எட்டு வயசு: “நண்டுக்கு ஐடென்டிட்டி கார்ட் இருந்திச்சா? இல்லாட்டி எப்படி ரயில்ல விட்டாங்க?” முகத்துவாரத்திலிருந்து ஒரு பையன்: “எங்கள் வீட்டில் நண்டு என்றால் கறி. உங்கள் புத்தகத்தை வாசித்த பிறகும் கறிதான்.”

பெரியவர்களும் எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி ஒருவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “ஒன்பதாம் பக்கத்தில் நண்டுக்கு ஏழு கால். பிள்ளைகளுக்குப் பிழையைப் படிப்பிக்கும் இப்பெண்மணி இனிமேல் தூரிகையைத் தொடாதிருப்பது நன்று.” அவர் எண்ணியது சரி. குண்டு வெடித்த அன்றைக்குக் காலையில் பவளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு காலை விட்டுவிட்டுப் போனாள், வேலையால் வந்து கீறுவதாக. நான் வரைபடம் படித்தவன். ஒரு கால் போட இரண்டு நிமிஷம் காணும். போடவில்லை. அவருக்கு, “தங்கள் ஆலோசனைப்படியே நடக்கும்” என்று பதில் அனுப்பினேன்.

கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து ஐறீன் ரீச்சர் எழுத்தாளரைப் பரிசளிப்புக்கு அழைத்திருந்தார். நான் போனேன். வாசலில் பிள்ளைகள் மாலையோடு நின்றார்கள்.

“நீங்கள் அவவின்ரை மிஸ்டரோ? அவவையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, பிள்ளையள் காலமை தொடங்கிப் பார்த்துக்கொண்டு நிக்குதுகள்,” என்றார் ரீச்சர்.

“அவ வேலைக்குப் போட்டா,” என்றேன்.

“லீவு போடேலாதோ ஒருநாளைக்கு?”

“கேட்டுப் பார்க்கிறன்.”

மாலையை என் கழுத்தில் போட்டார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்று. வவுனியாவிலிருந்து ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுப்பேரும் சேர்ந்து ஒரே உறையில் எழுதியிருந்தார்கள். வடக்கிலிருந்து தடித்த உறை வந்தபடியால் பொலிஸ் வந்து என்னையும் கடிதங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. பெரிய அதிகாரி படத்தைக் காட்டி, “மே கக்குளுவா கொஹேத யன்னே?” என்று சிங்களத்தில் கேட்டார். நண்டு எங்கே போகிறது என்று. தெஹிவளைக்கு என்றேன். அங்கே ஆரைச் சந்திக்க என்றார். யானையை என்றேன். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரன் சிரித்ததற்கு எனக்கு அடி ஒன்று விழுந்தது. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு வெளியே விட்டார்கள். கடிதங்களைத் திருப்பித் தந்தார்கள், ஒன்றும் குறையவில்லை.

எழுபத்தொன்றில் ஆரணியுடையது இல்லை. அவளுக்குக் காட்டினீர்களா? இங்கே மொண்டிசூரிப் பள்ளியில் ஜனவரிக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். அறைக்கு நீல வர்ணம் அடித்தாயிற்று. டிசம்பரில் வருவதற்கு எந்த விமானம் வசதி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ரூபன்


ஸ்காபரோ,
02.11.1997

அன்பின் ரூபனுக்கு,

உங்கடை கடிதத்தை இவருக்கு வாசிச்சுக் காட்டினன். மூண்டு நாள் பொலிஸ் எண்டதோடை, “காணும், நிப்பாட்டு” எண்டு எழும்பிப் போட்டார்.

நீங்களே யோசியுங்கோ. இரண்டு தரம் உங்களைப் பிடிச்சிட்டாங்கள். முதல் தரம் பத்தொன்பது நாள், பிள்ளை பக்கத்து வீட்டிலை மூத்திரத்தோடை கிடந்தவள், நான் வந்துதான் தூக்கினனான். மூண்டாந்தரம் பிடிச்சால் ஆர் தூக்கிறது? நண்டோ?

இனி ஒளிக்கேல்லை. ஆரணி என்னை அம்மா எண்டுதான் கூப்பிடுறாள். நான் பழக்கேல்லை, தானாக் கூப்பிட்டவள். எங்களுக்குப் பிள்ளை இல்லாதது உங்களுக்குத் தெரியும். உங்கடை கலியாணப் படத்தைக் காட்டினன். “ஆர் இந்த மாமா?” எண்டு கேட்டாள். பவளத்தை ஆரெண்டும் கேட்கேல்லை.

புத்தகத்தைக் கீழ் அறையிலை தானே கண்டெடுத்தவள். இப்ப ஒவ்வொரு நாளும் வாசிக்க வேணும், இல்லாட்டிச் சாப்பாடு இறங்காது. ஆர் கீறினது எண்டு கேட்டாள். கொழும்பிலை ஒரு ஆன்ரி எண்டன். நாலு வயசுப் பிள்ளைக்கு நான் வேறை என்ன சொல்லுறது? உன்ரை அம்மா செத்துப் போனா, நான் அம்மா இல்லை எண்டோ?

தத்தெடுக்க இங்கை லோயரைக் கண்டிட்டம். நீங்கள் ஒரு சத்தியக் கடதாசியிலை, மகளைத் தர முழுச் சம்மதம் எண்டு சமாதான நீதவானுக்கு முன்னாலை ஒப்பம் வைச்சு அனுப்பினால் காணும். கடதாசி இதோடை இருக்குது. பிடிக்காட்டி வையாதையுங்கோ, டிசம்பரிலை கூட்டிக்கொண்டு போங்கோ, நான் எயார்போட்டுக்கு வரமாட்டன். அவள் கத்துறதை என்னாலை பார்க்கேலாது.

ஆன்ரிக்குக் கடிதம் எழுத வேணுமெண்டு பிள்ளை அழுது அடம்பிடிச்சவள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினது. பதில் போடுறதெண்டால் யோசிச்சுப் போடுங்கோ. அப்பா எண்டு எழுதினால் வாசிச்சுக் காட்டமாட்டன்.

நாகேஸ்வரி

*

நண்டுப் புத்தக ஆன்ரிக்கு,

என்ரை பேர் ஆரணி. எனக்கு நாலு வயசு. நண்டு நல்ல வடிவு. அது ரயிலிலை யன்னல் பக்கம் இருந்தது எனக்கு விருப்பம். எங்கடை அம்மா வாசிக்கேக்கை யானை மாதிரிக் கத்துவா. நண்டு ராத்திரி எங்கை படுத்தது? உங்களுக்குப் பிள்ளை இருக்கா? அதுக்கும் இந்தக் கதை விருப்பமா? இன்னொரு புத்தகம் எழுதுங்கோ. கெதியா எழுதுங்கோ.

ஆரணி


வெள்ளவத்தை,
28.11.1997

அன்புள்ள வாசகி ஆரணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. இந்தப் புத்தகத்துக்கு வந்த கடிதங்களில் உங்களுடையது எண்பத்தாறாவது.

நண்டை வடிவு என்று எழுதியிருந்தீர்கள். படம் கீறியவர் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார். நண்டு ராத்திரி படுத்தது தெஹிவளை ஸ்டேசனில், ஆட்கள் உட்காருகிற வாங்கின் கீழே. காலையில் முதல் ரயிலில் வீட்டுக்கு வந்துவிட்டது. புத்தகத்தில் இடம் காணாதபடியால் அது வரவில்லை.

எழுத்தாளரின் சொந்த விபரங்களை வாசகர்களுக்கு அறிவிப்பது எங்கள் வழக்கமில்லை. அதனால் அவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் தர முடியாமைக்கு வருந்துகிறோம்.

இவருடைய வேறு புத்தகம் வெளிவராது.

உங்கள் அம்மா வாசித்துக் காட்டும்போது யானை போலக் கத்துவது நல்ல விஷயம். தொடர்ந்து அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள்.

இந்த உறைக்குள் இன்னொரு கடதாசி இருக்கிறது. அது உங்களுக்கானதல்ல. ஒப்பம் வைத்து, நீதவானின் முத்திரையும் குத்தியிருக்கிறது. மடிக்காமல் உங்கள் அம்மாவிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
வே. யோகரூபன்
பதிப்பாளர்