இடம் மாறிய அம்மன்

இன்று காலை என் வீட்டுச் சுற்றுச்சுவரில் தேர்தல் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறைய மைதாப் பசை, அதில் மயில்துத்தம் கலந்த வாடை. காப்பித் தம்ளரோடு வெளியே வந்தவன் அந்த வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். "என்ன சார், ஒட்டக்கூடாதா?" என்று கேட்டார் ஒட்டுகிறவர். "ஒட்டிக்கப்பா, நேரா ஒட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, பீரோவின் அடித்தட்டில் வேட்டிகளுக்குக் கீழே நான் நாற்பது வருஷமாக ஒளித்து வைத்திருக்கும் கண்ணாடிப் படத்தை எடுத்தேன். உள்ளங்கை அகலம்தான். ஒரு மூலையில் சிவப்புக் காகிதப் பொட்டு இன்னும் உரியாமல் இருக்கிறது. பசை காய்ச்சியவன் நீ. பொட்டு ஒட்டியவன் நான்.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. இனி உனக்கு எழுதி என்ன கிழிக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ உயிரோடிருந்தபோது அரியலூரிலிருந்து மீன்சுருட்டிக்கு பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் ஏறி வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை.

நாம் திருச்சியில் படித்தது யுத்த காலம். சனிக்கிழமை தோறும் சரித்திரத் துறையின் கோடி அறையில் பொதுச் சொற்பொழிவு நடக்கும். கதவில் 'கலை வரலாறு' என்று ஒரு பலகை. உள்ளே நான்கு பெஞ்சு, கை உடைந்த இரண்டு சிலைகள், படம் காட்ட ஒரு மேஜிக் லாந்தர், அவ்வளவுதான் துறையின் சொத்து. 'பொது' என்று பெயரே தவிர, வெளியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பெஞ்சு காலியாக இருந்தால் துறைத்தலைவருக்கு அவமானம் என்று விடுதிப் பையன்களைப் பிடித்து வந்து உட்காரவைப்பார்கள். எனக்கு அது தூங்கக் கிடைத்த இடம். நீ மட்டும் முன்பெஞ்சில் உட்கார்ந்து, திரையில் விழும் சிலையை நோட்டில் வரைந்துகொண்டே இருப்பாய். "கேக்குறதெல்லாம் மறந்துரும்டா. கை போட்டது மறக்காது" என்பாய். உன் கையைப் பார்த்து எனக்குப் பொறாமை. அதை அப்போதே ஒத்துக்கொண்டிருந்தால் பாதிப் பாவம் குறைந்திருக்கும்.

அந்த வருஷம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஏறியது. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். சிற்ப ஆராய்ச்சியில் பேர்போனவர். நம் துறையிலிருந்து ஒரே ஒரு மாணவனை உதவித்தொகையோடு தன்னிடம் இரண்டு வருஷம் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளப்போகிறார். நம் துறை தோன்றிய நாளிலிருந்து கதவைத் தட்டிய ஒரே வாய்ப்பு. நாம் இருவரும் விண்ணப்பம் போட்டோம். நீ உன்னுடையதை என்னிடம் காட்டி, பிழை திருத்தித் தரச் சொன்னாய். நான் என்னுடையதை உன் கண்ணில் காட்டவில்லை.

உனக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று வராந்தா பெருக்குகிறவர்கூடச் சொன்னார். நீதான் கடன் வாங்கிய காமிராவோடு உன் ஊர்ப்பக்கத்துச் சோழபுரம் கோயிலைச் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்து வந்திருந்தாய். அந்தப் படங்களைப் பார்த்ததும் பேராசிரியர் தன் சொற்பொழிவைச் சோழபுரத்துச் சிற்பங்கள் பற்றியே வைத்துக்கொண்டார். 'கோயில் இருக்கிற பக்கத்து ஜனங்களும் கேட்கட்டும்' என்று துறைத்தலைவர் அதை அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஏற்பாடு செய்தார். கோயிலுக்கே போய்ப் பார்த்துவிட்டுப் பேசலாமே என்று யாரோ சொன்னார்கள். பெட்ரோல் இல்லாத காலம். கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறப் பேராசிரியருக்கு மனமில்லை. "படம்தான் இருக்கிறதே" என்றுவிட்டார்.

அந்த மத்தியானம் பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில் நாம் இருவரும் நீ காய்ச்சிய மயில்துத்தப் பசையை நடுவில் வைத்துக்கொண்டு பொட்டு ஒட்ட உட்கார்ந்தோம். லாந்தர் படத்துக்குப் பொட்டு எவ்வளவு முக்கியம் என்று வெளியாருக்குத் தெரியாது. இருட்டில் படம் போடுகிறவனுக்குக் கண் உதவாது. கட்டைவிரல் பொட்டின்மேல் இருந்தால் படம் சரியாக உள்ளே போகும். பொட்டைக் கண்ணாடியின் பின்பக்கம் ஒட்டிவிட்டால் திரையில் இடம் வலமாகிவிடும். எழுத்து இருந்தால் காட்டிக்கொடுக்கும். சிலை காட்டிக்கொடுக்காது. நாற்பது படத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நீ பிளேடால் சதுரம் சதுரமாகக் கீறி ஒட்டினாய். நான் கத்தரியால் வட்டமாக வெட்டினேன்.

"என்னடா, பொண்ணுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வெட்டிக்கிட்டு உக்காந்திருக்க? பொழுது போயிரும்" என்றாய்.

"ஒன்னுது காயத்துக்குப் பிளாஸ்திரி போட்ட மாதிரில்ல இருக்கு" என்றேன்.

சிரித்தாய். பிறகு, "அர்த்தநாரி ஒம் பங்குல இருக்கு. வெளிச்சத்துல ஒரு தடவ தூக்கிப் பாத்துட்டு ஒட்டு. அது ஏமாத்திரும்" என்றாய். சரி சரி என்றேன். தூக்கிப் பார்க்கவில்லை. உனக்கு இடம் கிடைத்துவிட்டால் கல்லங்குறிச்சியில் என் வீட்டில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஒட்டினேன். வேண்டுமென்று செய்யவில்லை. இதை யாரும் நம்பாவிட்டாலும் நீ நம்பு.

சாயங்காலம் ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கினார்கள். திருச்சியில் வராத கூட்டம் இங்கே வந்தது. உன் அப்பா வண்டி கட்டிக்கொண்டு மீன்சுருட்டியிலிருந்து முந்தின ராத்திரியே கிளம்பி வந்திருந்தார். மகன் எடுத்த படத்தைப் பட்டணத்து அய்யா காட்டப்போகிறார் என்று சலவை வேட்டியில் வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். நீ லாந்தருக்குப் பின்னால் நின்று படம் போட்டாய். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.

அர்த்தநாரி திரையில் விழுந்தது. பேராசிரியர் அப்படியே நின்றுவிட்டார். நீ திரையைப் பார்த்துத் திடுக்கிட்டுப் படத்தை எடுக்கக் கையை நீட்டினாய். "தொடாதே, இருக்கட்டும்" என்று அதட்டினார். அப்புறம் ஆரம்பித்தார். எல்லாக் கோயிலிலும் பெண்பாகம் இடப்பக்கம்; இங்கே மட்டும் வலப்பக்கம்! சோழச் சிற்பி மரபை உடைத்துப் பெண்ணுக்கு முதலிடம் கொடுத்துவிட்டான்! கால் மணி நேரம் குரல் தழுதழுக்கப் பேசினார். நீ லாந்தர் சூட்டில் வேர்த்துப்போய் நின்றாய். உன்னைத் தேர்ந்தெடுக்கப்போகிறவர் அவர். நீ எப்படி வாயைத் திறப்பாய்?

உன் அப்பா எழுந்தார்.

"அய்யா, மன்னிச்சுக்குங்க. எங்கூரு பக்கத்துக் கோயிலுங்க அது. அம்மா எடப்பக்கந்தானுங்க இருக்கு."

"பெரியவரே, இது காமிரா எடுத்த படம். காமிரா பொய் சொல்லாது."

"காமிரா சொல்லாதுங்க. போட்டவங்க திருப்பிப் போட்டுருப்பாங்க."

கூடம் முழுக்கச் சிரித்தது. பின்வரிசையில் ஒருவர் "அய்யா இன்னும் கோயிலப் பாக்கலீங்களா?" என்று கேட்டதும் இரண்டாவது சிரிப்பு. பேராசிரியரின் முகம் திரை வெளிச்சத்தில் செத்துப்போயிருந்தது. பாக்கிப் படங்களை ஓட்டமாக ஓட்டி முடித்தார்.

நீ அப்பாவை வண்டி ஏற்றிவிடப் போனபோது துறைத்தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். பேராசிரியர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அந்தப் படத்துக்கு யார் பொட்டு ஒட்டினது? மகன் திருப்பிப் போடுறான், அப்பன் எழுந்து சிரிக்கவைக்கிறான். பேசிவைத்துச் செய்த வேலையா?" என்றார் தலைவர். படம் என் கையில் இருந்தது. வட்டப் பொட்டு. "சோழபுரத்துப் படமெல்லாம் அவன்தான் பாத்துக்கிட்டான் சார்" என்றேன். நன்றாகக் கேட்டுக்கொள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எடுத்தவன் நீ, கழுவியவன் நீ, போட்டவன் நீ. எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரன் நான்! சொல்லிவிட்டுப் படத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கடிதம் என் பெயருக்கு வந்தது.

அரியலூர் ஸ்டேஷனில் என்னை ரயிலேற்ற நீயும் வந்தாய், உன் அப்பாவும் வந்தார். ஒரு பை நிறைய முந்திரிப்பருப்பை என் மடியில் வைத்தார். "நீயாவது நல்லா வா தம்பி. நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம எம்புள்ள பொழப்பக் கெடுத்துப்புட்டேன்" என்று சொல்லி, கூட்டத்துக்கு நடுவில் அழுதார். நீ அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கப்பா, நீங்க உள்ளதத்தானே சொன்னீங்க" என்றாய். ரயில் விருத்தாசலம் தாண்டுவதற்குள் பாதிப் பருப்பைத் தின்றுவிட்டேன். அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் அவர் வாய் திறக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நீ உடையார்பாளையத்தில் ஒரு சர்வே ஆபீசில் வரைவாளராகச் சேர்ந்தாய். அர்த்தநாரியின் இடுப்பு வளைவை ஒரே கோட்டில் போட்ட கை, வரப்பும் வாய்க்காலும் போட்டது. நான் மேடை மேடையாக ஏறினேன். என் சொற்பொழிவு எதுவானாலும் ஒரே கதையில்தான் தொடங்கும்: "எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு விவசாயி, பட்டணத்துப் பேராசிரியரையே திருத்திய கதை சொல்கிறேன்." எங்கே சொன்னாலும் கைதட்டல். முப்பது வருஷம் உன் அப்பாவை விற்றுச் சாப்பிட்டேன். பொட்டு ஒட்டியவனைப் பற்றி ஒரு மேடையிலும் பேச்சு வரவில்லை.

ஒருமுறை அரியலூரில் பேச வந்தபோது நீயும் வந்திருந்தாய். தலை நரைத்து, மடியில் குடை. பழக்கதோஷத்தில் அதே கதையைத் தொடங்கிவிட்டேன். தொடங்கிய பிறகுதான் உன்னைப் பார்த்தேன். நிறுத்த முடியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு. நான்தான்டா அன்னைக்கு ஒரு தடவ வெளிச்சத்துல பாத்துட்டுப் போட்டிருக்கணும்" என்றாய். தப்பு தன்னுடையது என்றே நம்பிக்கொண்டிருக்கிறாய், நல்லவேளை என்று நினைத்தேன். ஆமாம், 'நல்லவேளை' என்றுதான் நினைத்தேன். "அத விடுடா, பழைய கதை" என்று பெருந்தன்மையோடு உன் முதுகில் தட்டினேன். நினைத்தால் அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

போன மாதம் துக்கம் கேட்க மீன்சுருட்டிக்கு வந்தேன். உன் மனைவி என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"வட்டப் பொட்டு ஒட்டுனவரு நீங்கதானாண்ணே?"

மோர்த் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவுங்க அடிக்கடி சொல்லுவாங்க. இருட்டுல படத்த வாங்குனதுமே வெரல்ல தட்டுப்பட்டுச்சாம், வட்டமா. அவன் ஒட்டுனதுதானே, பாத்துத்தான் ஒட்டியிருப்பான்னு நம்பிப் போட்டுட்டேன்னு சொல்லிச் சிரிப்பாங்க" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. உனக்கும் இருந்ததில்லையாம்.

அப்படியானால் எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறாய். ஸ்டேஷனில் அப்பாவைத் தேற்றியபோதும் தெரியும். என் கதைக்குச் சிரித்தபோதும் தெரியும். ஏன்டா சொல்லவில்லை? ஒரே ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து உலுக்கிக் கேட்டிருந்தால் நானும் ஒரு மனுஷனாகச் சாக வழி இருந்திருக்கும். அந்த வழியையும் அடைத்துவிட்டுப் போய்விட்டாய். உன்மேல் எனக்குக் கோபம். என்மேல் இருக்கிற கோபத்தில் அது கால்வாசிகூட இல்லை, ஆனாலும் கோபம்தான்.

இப்போது படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறேன். அன்றைக்கு நீ பார்க்கச் சொன்னபடி. கட்டைவிரலைப் பொட்டின்மேல் வைத்தால் அம்மன் இன்றைக்கும் வலப்பக்கம்தான் போய் நிற்கிறாள். பொட்டை உரித்துச் சரியான பக்கத்தில் ஒட்டிவிடலாம் என்று நகத்தால் சுரண்டினேன். தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பிளேடைக்கூட வைத்துப் பார்த்தேன். விளிம்புகூட எழும்பவில்லை.

பசையை நன்றாகத்தான் காய்ச்சியிருக்கிறாய்.