நீ நேராகப் பார்த்த ஒரே படம்

இதனால் பினாங்கு வாழ் பெருமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், உன் வீட்டு முன்னறைச் சுவரில் இன்று காலை ஆணி அடிக்கப்பட்டது. அடித்தவர் அடியேன். வளைந்தவை: ஆணி இரண்டு, விரல் ஒன்று.

அதில் தொங்குவது நீதான்டா மச்சான். பன்னிரண்டு வயதில் ஐசி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். போன மாதம் பட்டர்வொர்த்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தபோது உனக்குப் பதினேழு. சுவரில் இருக்கிற பொடியனுக்கு மீசைகூட இல்லை. இனி நீ என்னை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும்.

வேறு படம் இல்லை. உங்கம்மா என் போனை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாக்கு, மாறுகண், மூக்கில் விரல். “ஒண்ணுலயாச்சும் ஒழுங்கா நிக்கலியா தம்பி இவன்?” என்றார். சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

அப்போதுதான் அந்த ஃபிலிம் நினைவுக்கு வந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்சந்தில், பழைய போட்டோக்காரர் ஒருவரின் வீட்டையும் ஸ்டூடியோவையும் இருட்டறையையும் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்களே, போன விடுமுறையில் அங்கே போனோம். பார்த்துக்கொள்ளும் அக்கா ஃபிலிம் கேமராவை என்னிடம் தந்தார். தோட்டம் வரைந்த திரைக்கு முன்னால் உன்னை நாற்காலியில் உட்காரவைத்தேன். குரங்கு, கோழி, தலைமையாசிரியர் என்று எல்லா வித்தையும் காட்டினேன். நீ அசையவில்லை. “டேய், ஒழுங்கா எடு லா. அம்மாவுக்குக் குடுக்கணும்” என்றாய். வாழ்நாளெல்லாம் படம் காட்டித் திரிந்தவன், அன்று ஒருநாள்தான் படத்துக்கு உட்கார்ந்தாய்.

அந்த ஃபிலிம் கழுவாமலே அக்காவின் அலமாரியில் கிடந்தது. “நானே கழுவித் தர்றேன் ஆண்டி” என்று உங்கம்மாவிடம் மார்தட்டினேன். வீட்டில் தட்டுகூடக் கழுவாதவன்.

அக்கா ஒரு வீணான ஃபிலிமை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். “சுருள்ல சுத்தி டப்பாவ மூடுற வரைக்கும் சிவப்பு லைட்டுகூடக் கூடாது. கதவத் திறந்தா எல்லாம் போச்சு. நானும் உள்ள வரட்டா?”

“இருட்டா? எனக்கா?” என்று அவரை வெளியே அனுப்பினேன்.

ஒன்றும் வரவில்லை. ஃபிலிம் முழுக்கக் கறுப்பு. பழைய ஃபிலிம், கெட்டுப்போச்சு என்று உங்கம்மாவிடம் சொன்னேன். “பரவால்ல தம்பி, நீ இவ்ளோ செஞ்சியே” என்று மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்தேன்.

ஃபிலிம் நல்ல ஃபிலிம்தான்டா. நாம் முதல்முறை அந்த இருட்டறைக்குள் போனபோது நீ பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன். பிடித்தது நான். இந்தமுறையும் பாதி சுற்றும்போது பக்கத்தில் கையை நீட்டினேன். நீ இல்லை. கதவைத் திறந்துவிட்டேன்.