வெள்ளத்தில் போன காளை

அலோன், ரங்கூன்
1927 மாசி

சிரஞ்சீவி வடிவேலுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் உன் தங்கையும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சைகோனில் நீயும் அப்படியே இருக்க முருகன் துணை. நான் சொல்லச் சொல்ல செல்லக்கண்ணுதான் எழுதுகிறாள், பி.ஏ. தேறியும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வெட்கம், ஆனால் ஒன்றும் விடாமல் எழுதுவாள்.

கியாக்தான் மாட்டுப்பண்ணையை விட்டு வந்துவிட்டேன், பயப்படாதே, யாரும் துரத்தவில்லை. பண்ணைக்காரத் துவால் குடும்பம் பூர்போன் என்கிற பிரெஞ்சுத் தீவிலிருந்து மாடுகளோடு கப்பலேறி வந்து ஐம்பது வருஷம் ஆனதற்குப் போன ஞாயிறு விருந்து. பாதிரியார் எழுந்து அவர்கள் காடு வெட்டியதையும் புலி அடித்ததையும் பிரெஞ்சில் வாசித்தார். அதே கப்பலில் வந்து மேய்ச்சல் நிலம் திருத்திய உன் தாத்தா பேர் அதில் இல்லை. பரிமாறியபடியே எல்லாம் என் காதில் விழுந்தது. எதை மறைப்பதானாலும் அவர்கள் நம் எதிரிலேயே பிரெஞ்சில் பேசுவார்கள், நமக்குப் புரியாது என்ற நினைப்பு. அடுப்படியில் நின்று நின்று எனக்கு அது எப்போதோ புரிந்துவிட்டது, நான்தான் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய துரைசானியின் மகன் அந்துவான் துரை குடித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் சிரிக்கிறான். பொலிகாளையைக் கட்டாமல் விட்டது அவனேதானாம், ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்றாம், வடிவேல் விற்றுத் தின்றான் என்று அவன் சொன்னதும் அவன் அம்மா நம்பிவிட்டாளாம். உன்னைத் தூணில் கட்டி அடித்ததை நடித்தும் காட்டினான். நான் கடைசித் தட்டு வரை பரிமாறி முடித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் வாரிசிடம் சூட்டுக்கோலைக் கொடுத்து முதல் கன்றுக்குக் குறி போடச் சொல்வது அவர்கள் வழக்கம் அல்லவா, பெரிய துரைசானி கோலை நெருப்பிலிருந்து எடுத்தாள். நான் முன்னால் போய் அவர்கள் பாஷையிலேயே சொன்னேன், "அம்மா, காளையை வெள்ளத்தில் விட்டது உங்கள் மகன், என் மகன் இல்லை. இந்த மேசையில் இப்போது அவரே சொன்னார்." நான் பிரெஞ்சு பேசியதில்தான் முதலில் திகைத்தார்கள். துரைசானி மகனைப் பார்த்தாள், அவன் தட்டைப் பார்த்தான். கோலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அத்தனை விருந்தாளிகள் நடுவில் அவன் நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு இரக்கம் வரவில்லை, இன்றும் இல்லை.

நேற்று துரைசானி மாட்டுக்காரச் சின்னத்தம்பியைத் தூது அனுப்பியிருந்தாள். அந்துவான் மன்னிப்பு எழுதித் தருவானாம், நான் திரும்ப வேண்டுமாம், உன்னை மேஸ்திரியாக வைத்துக்கொள்வாளாம். செல்லக்கண்ணு, போதும் அம்மா என்கிறாள். எனக்குப் போதாது. அந்தத் தூணருகே நின்று, நீ அடிபட்டதைப் பார்த்த மாட்டுக்காரர் அத்தனை பேருக்கும் புரிய, அந்துவான் தமிழில் தன் வாயால் உண்மையைச் சொல்லட்டும் என்றேன். துரைக்கு நம்மை அதட்ட இந்துஸ்தானிதான் வரும், தமிழ் வராதே அக்கா என்றான் சின்னத்தம்பி. கற்றுக்கொள்ளட்டும், நான் கற்றுக்கொள்ளவில்லையா என்று சொல்லி அனுப்பினேன்.

முதுகுத் தழும்பு மழைநாளில் இழுத்தால் எண்ணெய் தேய், வேளைக்குச் சாப்பிடு. நீ தலைநிமிர்ந்து நீடூழி வாழ வேண்டும். இளகிய மனசுக்காரன் நீ, அதனால் சொல்கிறேன், அந்துவான் உனக்குக் காகிதம் போடுவான், அவன் தமிழ் பேசுகிற வரையில் ஒரு வரி பதில் போடாதே.

உன் அம்மா
வேலம்மா