ஊர்வலத்தில் லிட்டியா

ஸில்பர்தால்,
நவம்பர் 3

அன்பு மகள் சில்கேவுக்கு,

நீயும் மாப்பிள்ளை ஜோனேவும் குழந்தை லிட்டியாவும் ஹோபார்ட்டில் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம். உடம்பளவில் என்று எழுதியிருக்கிறாளே அம்மா என்று நீ நெற்றியைச் சுருக்குவது இங்கிருந்தே தெரிகிறது. போனில் சொல்லலாம் என்றால் திரை முழுக்கக் குழந்தையின் முகம்தான் இருக்கிறது, அவளை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. அதனால்தான் கடிதம்.

நீங்கள் இங்கே வரும்போது, டிசம்பரில் நம் ஊர்ப் பழைய சுரங்கத் தொழிலாளர் உடையில் போகும் ஊர்வலத்தில் லிட்டியா பிள்ளைகள் வரிசையில் விளக்கேந்தி நடக்க வேண்டும் என்று நீ கேட்டாய் அல்லவா, அதற்காக ஊர்வலம் நடத்தும் சங்கத்தின் தையல் அறையில் உட்கார்ந்து அவளுக்குக் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் தைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ரிகோ வந்தான், உன் வகுப்பில் படித்தானே, இப்போது கூரை வேலை செய்கிறானே, அவன்தான். யாருக்கு இவ்வளவு சின்னக் கோட் என்று கேட்டான். பேத்திக்கு என்று, அப்பாவின் கறுப்பு நிறமும் சுருட்டை முடியுமாக அவள் சிரிக்கும் படத்தைப் போனில் காட்டினேன், பெருமையாகத்தான் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உட்டே அம்மா, குழந்தை மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா டிவிக்காரங்க படம் புடிப்பாங்க. இது ஜெர்மன் பண்டிகை. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?" என்றான். பாட்டியைப் போலவே காது பெரிசுன்னு நெனைப்பாங்க என்றேன். கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சிரித்து முடித்தபின் என்னைப் பார்த்தானே ஒரு பார்வை, அது இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் அவனும் அவன் சிநேகிதர்களும், பிள்ளைகள் வரிசையில் மண்ணின் பிள்ளைகள் மட்டும் நடக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். லிட்டியா பெயரை ஒருவரும் சொல்லவில்லை. தலைவர் எபர்ஹார்ட் மேஜையையே பார்த்துக்கொண்டு, "குழந்தையோட நல்லதுக்குத்தான் சொல்றேன், அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்றார். அப்போது உன் அப்பா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசி நீ பார்த்திருக்கிறாயா, நானும் பார்த்ததில்லை. "எங்கப்பா, சண்டை முடிஞ்சு போலந்துக்குப் போன சைலீசியாவுலேர்ந்து துரத்தப்பட்டு இங்க வந்தாரு. அவரு பேசினதும் ஜெர்மன்தான். இருந்தாலும் இந்த ஊரு அவரை போலந்துப் பயன்னுதான் கூப்பிட்டுச்சு, பன்னிக் கொட்டகையிலதான் படுக்கவச்சுச்சு. சுரங்கத்துல எத்தனையோ வருஷம் உழைச்ச பிறகுதான் இந்தக் கோட்டைப் போடவிட்டீங்க. என் பேத்தி அவ்வளவு காலம் காத்திருக்க மாட்டா. அவ வரிசையில இல்லன்னா ஊர்வலத்துல என் ஊதுகொம்பும் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பன்றிக் கொட்டகை விஷயம் எனக்கே அன்றுதான் தெரியும். கைதூக்கச் சொன்னார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தீர்மானம் தோற்றது, மயிரிழையில்தான் தோற்றது.

நல்ல செய்திதானே அம்மா, இதற்கா பயப்படுகிறாய் என்பாய். மறுநாள் காலையில் காரின் டயர்கள் கிழிந்திருந்தன. வாசல் கதவில் எங்கள் மண் எங்களுக்கே என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது, சுரண்டி எடுத்தோம், மறுபடி ஒட்டினார்கள். போலீஸிலிருந்து வந்த இளைஞர், சின்னப் பசங்க விளையாட்டா இருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார். பக்கத்து வீட்டு கிஸேலா ரொட்டிக்கடையில் வைத்து என் காதோடு, "நீங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் கொண்டுவந்தவள். அதுதான் சில்கே, என்னை நடுங்கவைக்கிறது. முகம் தெரியாதவர்கள் என்றால் கதவைப் பூட்டிக்கொள்ளலாம். நம் வீட்டுக் கூரை மாற்றியவனே ரிகோதான், எந்த ஜன்னல் சரியாக மூடாது என்பதுகூட அவனுக்குத் தெரியும். கடையில் வரிசையில் நிற்கும்போது, இவர் எதற்குக் கை தூக்கினார், அவர் எதற்குத் தூக்கினார் என்று ஒவ்வொரு முதுகாகப் பார்க்கிறேன். உன் அப்பா ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் கொம்பு பழகுவார், இப்போது மூடிக்கொண்டு பழகுகிறார். கேட்டால் குளிர் என்கிறார்.

வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. சரி, தைரியமாக வா என்று எழுதலாம் என்றால் அதுவும் வரவில்லை. உன் அப்பாவைக் கேட்டேன். "ரெண்டையும் எழுதாத. நடந்ததை எழுது. பிள்ளை அவங்களோடது" என்றார். எழுதிவிட்டேன். ஜோனேவிடமும் எதையும் மறைக்காமல் படித்துக் காட்டு. வருவதாக இருந்தால் டிரெஸ்டன் விமான நிலையத்துக்கு நாங்களே காரில் வந்துவிடுகிறோம், பொழுது சாய்ந்தபின் ரயில் ஏறவேண்டாம். இருட்டியபிறகு மாப்பிள்ளை தனியாக நடக்கப் போகவேண்டாம், இதை அவரிடம் எப்படிச் சொல்வாய் என்று தெரியவில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரவில்லை என்றால் பிப்ரவரியில் நாங்கள் அங்கே வருகிறோம். அவ்வளவு தூரம் விமானத்தில் உட்காருவேன் என்று அப்பா தானாகவே சொன்னார், அதிலிருந்தே அவர் மனநிலையைப் புரிந்துகொள். அவரிடம் போனில் இதைப் பற்றிக் கேட்காதே, பயமில்லாதவர் போல இருப்பதற்கே அவர் பலமெல்லாம் போய்விடுகிறது.

மூவரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். லிட்டியாவுக்கு என் முத்தங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. வரவேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்து, ஏன் போகவில்லை என்று அவள் கேட்டால், அங்கே இந்த வருஷம் பனி ரொம்ப அதிகம் என்று சொல்லிவிடு. உன்னைப் பொய் சொல்லச் சொல்வது எனக்கு இதுவே முதல்முறை.

உன் பிரியமுள்ள அம்மா,
உட்டே