கொடிக்கால் முறையில் காச்சில்

நாகமலை புதுக்கோட்டை
19.9.1978

அன்புள்ள நீலம்மைக்கு,

உன் கணவன் ஆறுமுகப்பெருமாள் எழுதுகிறேன். தைப்பொங்கலுக்குள் மாற்றலாகி ஊருக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்ததைத் திருத்தவே இக்கடிதம். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தை இருவேளையும் தவறாமல் தேய்க்கவும்.

நம்மூர்க் காச்சில் கிழங்கை இந்த அரசுப் பண்ணையில், மதுரை மண்ணில் விளைவித்துக் காட்டினால் மாற்றல் தருவதாக மேலதிகாரி சொல்லியிருந்தார் அல்லவா? நூற்றிருபது கொடிகளும் கம்பின் உச்சியை எட்டியிருந்தன. அலுவலாக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்புவதற்குள், தோட்ட வேலை பார்க்கும் மொக்கைச்சாமி அத்தனையையும் இறக்கி, சுருட்டி, மண்ணில் புதைத்துவிட்டார். இங்கே வெற்றிலைக் கொடிக்காலில் அதுதான் முறையாம். காச்சில் கொடி ஒடிந்தால் கிழங்கு பருக்காது.

"நீங்கதான சார் சொன்னீங்க, வெத்தலைக்கொடி மாதிரி பாத்துக்கன்னு? எறக்காம விட்டிருந்தா, கொடிக்கால் வச்சிருந்த எங்கய்யா என்னைய வெளுத்திருப்பாருல்ல!" என்கிறார்.

பண்ணைக் குறிப்பேட்டைப் புரட்டினேன். இரண்டின் இலையும் ஒன்றுபோல் இருப்பதால் எளிதில் விளங்கட்டும் என்று நான் எழுதிய அந்தக் கட்டளை, தேதியோடும் என் கையொப்பத்தோடும் இருக்கிறது. கோபத்தை யாரிடம் காட்டுவது?

கவலைப்படாதே, மறுபடி நட்டு விளைவிக்க இன்னும் ஓராண்டுதான். காந்தாரி மிளகாய் சிம்மக்கல் கடைகளிலும் கிடைக்கவில்லை. கொஞ்சம் உலர்த்தி அனுப்பு. பொட்டலத்தின்மேல் முகவரியை மகனிடம் கொடுக்காமல் நீயே எழுது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். பிழை தொழிலாளியுடையது என்று எழுதச் சொல்கிறார் மேலதிகாரி. எழுதினால் எனக்கு மாற்றல் உண்டு. மொக்கைச்சாமிக்கு வேலை இராது. பிழை என்னுடையது என்று அறிக்கை எழுதி, இன்றே கையொப்பமிடப் போகிறேன்.

ஆறுமுகப்பெருமாள்