காமாக்ஷி பேசாமலிருப்பது பற்றி

கரோல் பாக்,
26-4-1986

அன்புள்ள பட்டாபிக்கு,

'அன்புள்ள' என்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரே செக்ஷனில் முப்பது வருஷம் உட்கார்ந்த பழக்கம், கை எழுதிவிட்டது. இங்கு யாவரும் க்ஷேமம் என்று மட்டும் எழுத முடியவில்லை. நேரில் வந்தால் உன் முன்னால் எனக்கு வார்த்தை வராது. ஆகையால் கடிதம். கோபத்தில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று வரிசைப்படுத்திக்கொண்டேன்:

1. ராமநவமியன்று நீ செய்தது.
2. அதனால் என் வீட்டில் நடப்பது.
3. உன்னைப் போன்றவர்களுக்கு உள்ள சொற்கள்.
4. நீ செய்ய வேண்டியது.

ஒன்று. பஜனைக்கு ஹால் நிறைய ஜனங்கள். இருபது வருஷமாக இங்கே முதல் பாட்டு காமாக்ஷியுடையது. அவள் பாதிப் பாட்டில் இருக்கும்போது நீ ஜமக்காளத்திலிருந்து எழுந்து நின்று, "போதும் மன்னி, சுருதியே சேரலை. குரல் போயாச்சு. ஜலஜாவைப் பாடச் சொல்லுங்கோ" என்றாய். எதிர்வீட்டுப் பெண் ஜலஜா பாவம், தலையைக் குனிந்துகொண்டாள். என் கையில் ஜால்ரா நின்றுவிட்டது. நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டுமோ என்னவோ.

இரண்டு. அன்றிலிருந்து காமாக்ஷி பேசுவதில்லை. காப்பியை டக்கென்று வைக்கிறாள், போகிறாள். கேட்டால் 'ம்'. கறிகாய் நறுக்கும்போதுகூட முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பவள். இப்போது சப்ஜிவாலாவிடம் ஹிந்தியில் பேரம் பேசும்போது மட்டும் குரல் கேட்கிறது. அதைக் கேட்க நான் கதவருகே போய் நிற்கிறேன். உன் ஒரு வாக்கியம் என் மனைவியின் வாயை அடைத்துவிட்டது.

மூன்று. 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்று ஆபீசில் உன்னைச் சொல்வார்கள். நீ அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாய். வெட்டுப்பட்டது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. 'மனசில் பட்டதைச் சொல்கிறவன்' என்பார்கள். எல்லார் மனசிலும்தான் படுகிறது, எல்லாரும் சொல்லிவிடுகிறோமா? 'இங்கிதம் தெரியாதவன்' என்பது மிகவும் இங்கிதமான சொல், உனக்குக் காணாது. 'எடுத்தெறிந்து பேசுகிறவன்' கொஞ்சம் நெருங்கி வருகிறது. 'முகத்தில் அடித்தாற்போல்' என்பதை இத்தனை நாள் உவமை என்று நினைத்திருந்தேன். அன்று காமாக்ஷியின் முகத்தைப் பார்த்தேன், உவமை இல்லை. கீழ்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பஜனை முடிந்து படியிறங்கும்போது, "ஆப்கே தோஸ்த் படே மூஹ்ஃபட் ஹைன், பாயீ சாஹப்" என்றாள். உங்கள் சிநேகிதர் பெரிய மூஹ்ஃபட் என்கிறாள்; வாய் கிழிந்தவன் என்று அர்த்தம். அகராதியும் கையுமாக இருக்கிற எனக்கு அவள் சொல்தான் சரியாகப் பட்டது.

நான்கு. நீ வந்து காமாக்ஷியிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லையேல் என் வீட்டுப் படியேற வேண்டாம். இதைக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆனாலும் வரியை அடித்து எழுதவில்லை.

இப்படிக்கு,
எஸ். வைத்தியநாதன்
(வைத்தி என்று போட மனம் வரவில்லை)


மயூர் விஹார்,
30-4-86

வைத்தி,

உன் கவர் வந்தது. அம்மாடி, நாலு பக்கம்! நான் கார்டிலேயே எழுதுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

மன்னி குரல் போய் மூன்று வருஷமாகிறது. பின்வரிசையில் சிரிக்கிறதை நீயும் பார்த்தவன்தான். பொங்கலுக்கு வெல்லம் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் என்ன சொன்னாய்? "எனக்குத் தெரியறதுடா, சொல்ல தைரியமில்லை. யாராவது சொல்லித் தொலைச்சாத் தேவலை" என்றாய். சரி, நான் சொல்லித் தொலைத்தேன்.

ஊர் கூடியிருக்கும்போது சொன்னது தப்பு. தனியாகச் சொல்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வந்து மன்னியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னிடம் கேட்கமாட்டேன். எனக்கு இத்தனை சொல் தேடினவன் அவளிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

பட்டாபி

மூஹ்ஃபட் நன்றாக இருக்கிறது.


கரோல் பாக்,
4-5-1986

அன்புள்ள பட்டாபிக்கு,

கார்டிலா எழுதுவாய், பாவி? தபால்காரன் அதைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டான். காமாக்ஷி வாங்கிக்கொண்டு மாடியேறும்போதே படித்துவிட்டாள். கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பேசினாள்.

"பஸ்ஸில இப்படிச் சொன்னேளா?"

"சொன்னேன்."

"அவர் எழுந்து நின்னு சொன்னாரே, அப்ப நான் அவரைப் பார்க்கலை. உங்களைத்தான் பார்த்தேன். 'என்ன உளர்றான் இவன்'னு ஒரு முகம் காட்டமாட்டேளான்னு. நீங்க ஜால்ராவைப் பார்த்துண்டிருந்தேள். அப்பவே தெரிஞ்சுபோச்சு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஒவ்வொரு பஜனை முடிஞ்சு வரச்சேயும் எப்படி இருந்ததுன்னு கேட்டேனே. பேஷ், பேஷ்னேள். அத்தனை பேரும் சிரிக்கட்டும்னு என்னை நடுவில உட்கார்த்தி வெச்சேள்."

"உன் மனசு நோகுமேன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

உனக்கு எழுதிய கடிதத்தின் நகல் மேஜைமேல் இருந்தது. வழக்கம்போல் எடுத்து வைத்திருந்தேன். அதை விரலால் தட்டினாள். "அவருக்கு இத்தனை பேர் கண்டுபிடிச்சிருக்கேளே, நீங்க பண்ணினதுக்கு என்ன பேர்?"

முகதாட்சண்யம் என்று சொல்லப் பார்த்தேன். அது பொருந்தவில்லை. வேறு சொல் தேடி அகராதியை எடுத்தேன்.

"அதை மூடி வையுங்கோ" என்றாள். அவ்வளவுதான். சமையலறைக்குப் போய்விட்டாள்.

பதினோராம் தேதி சாப்பாட்டுக்கே நீ வரவேண்டுமாம். சேப்பங்கிழங்கு ரோஸ்ட் பண்ணுவாளாம். நாலு பேர் முன்னால் சொன்னதற்கு நீ மன்னிப்புக் கேட்கும்போது நானும் எதிரே உட்கார்ந்திருக்கவேண்டுமாம். இதெல்லாம் ஜலஜா வந்து சொன்னாள். ஜலஜாவுக்கு அவள் மத்தியானங்களில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள், நான் பார்க்குக்குப் போயிருக்கும் நேரத்தில். ராமநவமிக்கு மறுநாளே ஆரம்பித்துவிட்டாளாம். கீழ்வீட்டு அம்மாளோடும் தினம் பேச்சுத்தானாம்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. முதல் பாயிண்ட் அப்படியே நிற்கிறது. மூன்றாவதிலும் ஒரு சொல்லைக்கூட வாபஸ் வாங்கமாட்டேன். நான்காவதற்கு நீயே சம்மதித்துவிட்டாய்.

இரண்டாவது தவறு. அவள் வாயை நீ அடைக்கவில்லை. அவள் பேசாமலிருந்தது என்னோடு மட்டும்தான். இன்னும் அப்படித்தான் இருக்கிறாள்.

வைத்தி